ஐந்து மணிக்கு மேல் ஒரு கொலை

டெலிபோன் அலறியது.

வியாழக்கிழமை. காலை ஆறு இருபது.

லேக் கார்டன்ஸில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஜலஜா அப்போதுதான் பில்டரில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ‘தேர்முட்டி ஸ்நாக்ஸ்’ கம்பெனியில் பதினொரு வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறவள். இந்த நேரத்துக்கு அவளுக்கு போன் போட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

முதலாளி வீரபாண்டியன்.

“ஜலஜாம்மா... ஏழுமலை செத்துட்டான்.”

வெந்நீர் கையில் சிந்தியது. சுட்டதே தெரியவில்லை.

“எந்த ஏழுமலை சார்?”

“நம்ம அடுப்பு ஏழுமலைதான். மீன் கடை சந்துல கெடக்கானாம். பின்மண்டையில அடி. குப்பை வண்டிக்காரன் பாத்துருக்கான். மார்க்கெட்ல இருந்து இப்பத்தான் எனக்குச் சொன்னாங்க.”

எதிர்முனையில் மூச்சு வாங்கியது. மனிதர் அழப்போகிறார் என்று நினைத்தாள் ஜலஜா. பாவம், பதினொரு வருடம் கூட இருந்தும் அவளுக்கு அந்த ஆளைப் புரியவில்லை!

“போலீஸ் வந்துரும். நீங்க மொதல்ல பட்டறைக்கு வந்து ரெஜிஸ்டரை எடுத்து மேசை மேல வைங்க. நேத்து அஞ்சு மணிக்கே எல்லாரும் போயாச்சு. ஏழுமலையும் போயாச்சு. ஞாபகம் இருக்குல்லா?”

“நான் அஞ்சு மணிக்குக் கிளம்பறச்சே அவா எல்லாரும் உள்ளேதானே சார்...”

“ரெஜிஸ்டர்ல என்ன இருக்கு?”

“அஞ்சு மணின்னு இருக்கு.”

“யாரு எழுதினது?”

“நான்தான் சார்.”

“பெறவு என்ன?”

லைன் கட்டாகிவிட்டது.

*

அந்த ரெஜிஸ்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொலையே அதற்குள்தான் இருக்கிறது.

தேர்முட்டி ஸ்நாக்ஸுக்கு லேக் மார்க்கெட்டில் கடை. முறுக்கு, மிக்சர், காராசேவு. பட்டறை பவானிபூரில், ஒரு சந்துக்குள் இருந்த பழைய மாடி வீட்டில். கீழே அடுப்புகளும் பாக்கிங் மேசைகளும். மேலே மாவு மூட்டைகள் அடுக்கிய கோடவுன்.

இருபத்திரண்டு தொழிலாளிகள். எல்லோருக்கும் மணிக்கணக்கில் கூலி. மணிக்கு அறுபது ரூபாய். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எட்டு மணி நேரம். வாரத்துக்கு ஆறு நாள், நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒரு மணி நேரம் வேலை வாங்கினாலும் இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்.

வீரபாண்டியனுக்கும் சட்டம் தெரியும். அதனால்தான் ஐந்து மணியானதும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ‘வேலை முடிந்து போனேன்’ என்று கையெழுத்து வாங்கிவிடுவார்.

பிறகு ஷட்டரை இறக்குவார். உள்பக்கம் பூட்டுவார். சாவி அவருடைய இடுப்பில்.

பிறகு வேலை நடக்கும்! எட்டு மணி, ஒன்பது மணி, நவராத்திரிப் பூஜோ சீசன் என்றால் இன்னும் மேலே. உள்ளே வரும்போதே ஆளாளுக்கு மொபைலை எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். சுவரில் கடிகாரம் கிடையாது. எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்பதே ஒருத்தருக்கும் தெரியாது. மணி தெரிந்தவர் ஒரே ஒருவர், கையில் வாட்ச் கட்டிய முதலாளி.

வீட்டுக்குப் போகும்போது சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஐம்பது ரூபாய் டிபன் காசு. அவ்வளவுதான்.

மூன்று வருடமாக இப்படித்தான். இதெல்லாம் ஜலஜாவுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள். ஏன் எழுதினாய் என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. வேலை போய்விடும் என்கிற பயம்தான்.

ஆட்டோவில் போகும்போது ஏழுமலையின் முகம் திரும்பத் திரும்ப வந்தது. விழுப்புரம் பக்கத்து ஆள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுடைய மேசைக்கு வந்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் நாலு மணி நேரம் பார்த்தால் நிஜத்தில் எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் மெல்லச் சொன்னாள். நாலு மணி நேரத்துக்கு நானூற்றெண்பது.

“அப்ப பகல் முழுக்க சம்பாதிக்கறது சாயந்திரம் நாலு மணி நேரத்துலயே வந்துடுமாம்மா?” என்று வாயைப் பிளந்தான் அவன்.

கணக்கு சொல்லிக் கொடுத்தவள் அவள். கூலி கேட்கப் போனவன் அவன்.

செத்ததும் அவன்தான்.

*

சப்-இன்ஸ்பெக்டர் கௌசிக் ஒன்பது மணிக்கு வந்தான்.

முப்பத்திரண்டு வயது. லேக் கார்டன்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவனுடைய தமிழ் வீட்டுச் சமையலறையோடு நின்றுவிட்டது, மிச்சமெல்லாம் பெங்காலி. ஜலஜாவை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஊர் வழக்கப்படி அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா; அவளைத் தீதி என்று கூப்பிடுவான். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டான்.

ரெஜிஸ்டரைப் புரட்டினான்.

“தீதி, இருபத்திரண்டு பேரும் கரெக்டா அஞ்சு மணிக்குப் போயிருக்கா. ஒருத்தர்கூட அஞ்சு அஞ்சுக்குப் போகலை. ஒருநாள்கூட. ட்ரெயின்கூட இப்படி ஓடாதே?”

வீரபாண்டியன்தான் பதில் சொன்னார். தன் கம்பெனியில் ஒழுங்கு முக்கியம் என்றார். ஏழுமலை நல்ல பையன் என்றார். ஐந்து மணிக்குப் போனவனை எந்தப் பாவி அடித்தானோ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது.

பத்து மணிக்கு ராமாயி வந்தாள். ஏழுமலையின் மனைவி.

அழவில்லை. நேராக வந்து ஜலஜாவின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“அஞ்சு மணிக்குப் போயிட்டாருன்னு நீதான் எழுதியிருக்கியாமே?”

ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

“மூணு வருஷமா ஒருநாள்கூட ஒன்பது மணிக்கு முன்னாடி வூட்டுக்கு வந்ததில்ல அவரு. சொல்லும்மா. அஞ்சு மணிக்குப் போயி எங்க இருந்தாரு?”

வீரபாண்டியன் குறுக்கே வந்தார். ஒரு கவரை நீட்டினார். ஐயாயிரம் ரூபாய், காரியச் செலவுக்கு என்றார். அதோடு ஒரு காகிதம். புருஷன் ஐந்து மணிக்கே வேலை முடிந்து போய்விட்டான், கம்பெனிக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று கீழே கைநாட்டு வைக்க வேண்டுமாம்.

ஜலஜாவுக்கு விளங்கியது. வேலையில் இருக்கும்போது செத்தான் என்றால் ராமாயிக்குச் சட்டப்படி லட்சக்கணக்கில் இழப்பீடு வரும். ஐந்து மணிக்குப் போனவன் என்றால் இந்தக் கவர் மட்டும்தான். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ராமாயி கவரையும் தொடவில்லை, காகிதத்தையும் தொடவில்லை. போகும்போது ஜலஜாவை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது ஜலஜாவுக்கு.

*

வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒன்றரை.

பட்டறைச் சந்து முனையில் பூஜோ பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்குப் பின்னால் உத்தமன் நின்றான். பட்டறையில் மூத்த தொழிலாளி, சேலத்துக்காரன். ஏழுமலைக்குப் பக்கத்து அடுப்பு.

ஜலஜா தானாகவே போய்க் கேட்டாள். புதன்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது?

உத்தமன் டீயைக் குடித்து முடித்தான்.

“கடலை மாவு தீந்துபோச்சு. எடுத்தாறேன்னு ஏழுமலை மேல கோடவுனுக்குப் போனான். பின்னாலயே மொதலாளியும் ஏறினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு மட்டும்தான் எறங்கினாரு. ஏழுமலை எங்கன்னு கேட்டேன். வீட்டுக்கு அனுப்பிட்டேன், நீ அடுப்பைப் பாருன்னாரு.”

“அப்போ மணி என்ன?”

“கடிகாரத்தை எங்கம்மா வச்சீங்க, மணி கேக்கறீங்க?”

ஜலஜாவுக்குச் சுருக்கென்றது.

“இதைக் கௌசிக்கிட்ட சொல்லேன், உத்தமா.”

“என்னான்னு சொல்றது? அஞ்சு மணிக்குப் போயிட்டேன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்ப நான் எப்படிப் பாத்தேன்? பொய்க் கையெழுத்துக்கு மொதல்ல உங்களைத்தான் உள்ள தள்ளுவாங்கன்னு நேத்தே மொதலாளி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.” உத்தமன் கிளாஸை வைத்தான். “நாங்க அங்க இல்லவே இல்லம்மா. நீங்கதான எழுதினீங்க?”

டீக் காசை வைத்துவிட்டு அவன் பட்டறைக்குத் திரும்பினான்.

*

மூன்று மணிக்கு கௌசிக் மறுபடியும் வந்தான். கையில் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட்.

சாவு புதன்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள். பின்தலை ஏதோ கல் விளிம்பில் மோதியிருக்கிறது. செத்த பிறகுதான் மீன் கடை சந்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்.

“வீரபாண்டியன் தாதா, செவ்வாய்க்கிழமை லேக் மார்க்கெட் கடையில ஏழுமலை உங்ககிட்ட டபுள் கூலி கேட்டிருக்கான். லேபர் ஆபீஸுக்குப் போவேன்னிருக்கான். உன்னைத் தொலைச்சுக் கட்டிருவேன்னு நீங்க சொன்னேளாம். மிக்சர் வாங்க வந்த ரெண்டு பேர் கேட்டிருக்கா.”

“கோவத்துல சொல்லுதது தம்பி. நான் எத்தனை பேர்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கேன்! எல்லாரும் உசுரோடதான் இருக்காங்க.”

“அச்சா. புதன்கிழமை ஆறிலேர்ந்து ஒன்பது வரைக்கும் எங்கே இருந்தேள்?”

“இங்கதான். பட்டறையில.”

“யார் கூட?”

வீரபாண்டியன் வாயைத் திறந்தார்.

மூடினார்.

இருபத்தியொரு பேர் கூட என்று சொன்னால் அவர் தப்பித்தார். ஆனால், அந்த இருபத்தியொரு பேருக்கும் இரட்டைக் கூலி கொடுத்தே அவர் தொலைந்தார்! ஐந்து மணிக்கு மேல் பட்டறை ஓடியது என்று அவர் வாயாலேயே ஆகிவிடும்.

“தனியா இருந்தேன்,” என்றார் கடைசியில்.

“தனியா மூணு மணி நேரம்? சாட்சி?”

“பத்து நிமிஷம் குடுங்க தம்பி. ஞாபகப்படுத்திச் சொல்லுதேன்.”

கௌசிக் தோளைக் குலுக்கிக்கொண்டு வெளியே போய் நின்றான். வீரபாண்டியன் ஜலஜாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். முகத்தில் வேர்வை வழிந்தது.

“மூணு வருஷத்து ஓவர்டைம் மொத்தமும் குடுக்கணும்னா எவ்வளவு ஆகும்? சீக்கிரம்.”

கால்குலேட்டர் தேவைப்படவில்லை. இந்தக் கணக்கை அவள் தூக்கம் வராத எத்தனையோ ராத்திரிகளில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

“சராசரியா ஒருத்தருக்கு தினம் மூணு மணி நேரம் சார். இருபத்திரண்டு பேர். மாசம் இருபத்தாறு நாள். முப்பத்தாறு மாசம். மணிக்கு நூத்திருபது. எழுபத்து நாலு லட்சத்துப் பதிமூவாயிரத்து நூத்திருபது.”

வீரபாண்டியன் நாற்காலியில் விழுந்தார்.

“டிபன் காசைக் கழி.”

“கழிச்சா அறுபத்து மூணு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து ஐநூத்தி இருபது.”

கொலைக் கேஸ் ஒரு பக்கம், அறுபத்து மூன்று லட்சம் ஒரு பக்கம். மனிதர் நிஜமாகவே யோசித்தார்!

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

“ஏன் மூணு வருஷம்? புதன்கிழமை ஒருநாள் மட்டும் பூஜோ ஆர்டருக்காக ஓடிச்சுன்னு சொல்லுதேன். ஒருநாளைக்கு என்ன ஆகும்?”

“ஒன்பது மணி வரைக்கும்னா... பத்தாயிரத்து ஐநூத்தி அறுபது.”

“ஒரு கொலைக் கேஸுக்குப் பத்தாயிரம். கொள்ளை மலிவு,” என்று எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார் வீரபாண்டியன்.

*

நாலு மணி. அடுப்புகளை அணைத்துவிட்டு இருபத்தியொரு பேரும் கீழே வரிசையாக நின்றார்கள். விஷயம் கேள்விப்பட்டு ராமாயியும் வாசலில் வந்து நின்றாள். இரண்டு கான்ஸ்டபிள்கள். கௌசிக் பாக்கிங் மேசை மேல் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வீரபாண்டியன் கணீரென்று சொன்னார். புதன்கிழமை ஒருநாள் ஒன்பது மணி வரை வேலை நடந்தது. நானும் இங்கேயே இருந்தேன். சாட்சி இதோ நிற்கிற இத்தனை பேர்.

“அப்படியா?” என்றான் கௌசிக், உத்தமனைப் பார்த்து.

உத்தமன் கையைக் கட்டிக்கொண்டான்.

“இல்லீங்க சார். அஞ்சு மணிக்கே நாங்க போயிட்டோம்.”

“என்னலே சொல்லுத?”

“கையெழுத்துப் போட்டிருக்கோமே மொதலாளி. ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் நடந்ததுன்னு நீங்கதான சொல்லுவீங்க?”

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்து நந்திதா, பாக்கிங் பெண், பெங்காலியில் அதையே சொன்னாள். ஒவ்வொருவராக இருபத்தியொரு பேரும்! ஐந்து மணி... ஐந்து மணி... ஐந்து மணி... மூன்று வருடமாக அவர் சொல்லிக் கொடுத்த பொய்யை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார்கள்.

வீரபாண்டியனின் முகத்தில் ரத்தம் இல்லை.

“பொய் சொல்லுதானுவ தம்பி! எல்லாரும் இங்கதான் இருந்தானுவ!”

“ரெக்கார்ட் அஞ்சு மணின்னு சொல்றது. நீங்க ஒன்பதுன்னு சொல்றேள். வாய்வார்த்தை கோர்ட்ல நிக்காது, தாதா.”

அப்போதுதான் ஜலஜா வாயைத் திறந்தாள்.

“சார், ஒரு ஓவர்டைம் ஷீட் எழுதிடலாமே. புதன்கிழமை யார் யார், எத்தனை மணி வரைக்கும், எவ்வளவு காசுன்னு. நீங்க கையெழுத்துப் போட்டுட்டா ரெக்கார்ட் ஆயிடும். அவாளும் மாட்டேன்னு சொல்ல மாட்டா.”

“செத்தவன் பேரும் அதுல இருக்கணும். இல்லாட்டி நாங்க அஞ்சு மணிக்குப் போனவங்கதான்,” என்றான் உத்தமன்.

வீரபாண்டியன் பல்லைக் கடித்தார். எழுது என்று கையை ஆட்டினார்.

ஜலஜா கோடு போட்டாள். பெயர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த மணி, தொகை. இருபத்திரண்டு வரி. எல்லோருக்கும் ஐந்திலிருந்து ஒன்பது. நாலு மணி நேரம். நானூற்றெண்பது ரூபாய். தாளை முதலாளியிடம் நீட்டினாள்.

வீரபாண்டியன் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் முன்னால் மேலிருந்து கீழாகத் தொகைகளைச் சரிபார்த்தார். தூக்குமேடைக்குப் போனாலும் கயிற்றுக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று விசாரிக்கிற ஆள்!

பதினேழாவது வரியில் பேனா நின்றது.

“இது என்ன?”

“ஏழுமலை சார். எல்லாருக்கும் போட்ட மாதிரி நாலு மணி நேரம்.”

“நாலு மணி நேரம் அவன் எங்க வேலை பாத்தான்?”

“பின்னே எத்தனை போடறது? யாருக்குமே டயம் தெரியாதே சார்.”

“எனக்குத் தெரியும்லா. ஏழு நாப்பதோட சரி. ரெண்டு மணி நாப்பது நிமிஷம். அரை மணிக்கு மேல மிஞ்சின பத்து நிமிஷத்தைக் கழி. ரெண்டரை மணி. முந்நூறு ரூவா. அடிச்சுட்டு எழுதும்.”

ஜலஜா அடித்தாள். ஏழு நாற்பது என்று எழுதினாள். இரண்டரை. முந்நூறு.

“திருத்தின இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து, சார்.”

போட்டார். அடியில் பெரிய கையெழுத்தையும் போட்டார். தாளை ஜெயித்தவர் மாதிரி கௌசிக்கிடம் நீட்டினார்.

கௌசிக் டீக் குவளையைக் கீழே வைத்தான்.

“ஏழு நாப்பதுக்கு என்ன ஆச்சு, தாதா?”

“என்ன ஆச்சுன்னா?”

“ஏழுமலையோட வேலை கரெக்டா ஏழு நாப்பதுக்கு முடிஞ்சிருக்கே. ஏன்?”

வீரபாண்டியன் தாளைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போயிட்டான். நான்தான் ஷட்டரைத் தொறந்து விட்டேன்.”

“ஷட்டர் தொறக்கவே இல்லீங்க சார்,” என்றான் உத்தமன்.

“நீ அஞ்சு மணிக்கே போயிட்டதா இப்பத்தானலே சொன்ன!”

“நாங்க ஒன்பது வரைக்கும் இங்க இருந்தோம்னு இப்பத்தான உங்க கையாலேயே எழுதிக் குடுத்தீங்க? இனிமே நாங்க பாத்ததைச் சொல்லலாமில்ல?” உத்தமன் கௌசிக் பக்கம் திரும்பினான். “அவன் மாவு எடுக்க மேல போனான். இவரு பின்னாலயே போனாரு. இவரு மட்டும் எறங்கி வந்தாரு. நாங்க இருபத்தியொரு பேரும் ஷட்டருக்கு எதிர்லயேதான் நின்னோம். வேலை முடிஞ்சு நாங்க போற வரைக்கும் அது ஏறவே இல்ல. இருக்கறது ஒரு வழிதான். சாவி அவரு இடுப்புல.”

இருபது தலைகள் ஆமாம் என்று அசைந்தன.

கௌசிக் கான்ஸ்டபிள்களுக்குக் கண்ணைக் காட்டினான். இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். மூட்டைகள் புரளும் சத்தம் கேட்டது. ஐந்தே நிமிடம். மூலையில் கிடந்த பழைய ஆட்டுக்கல்லைச் சுற்றித் தரை மட்டும் கழுவப்பட்டிருக்கிறது, கல்லின் அடியில் ரத்தம் உறைந்திருக்கிறது என்று மேலிருந்து குரல் வந்தது.

வீரபாண்டியன் மாவு படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“தள்ளத்தான் செஞ்சேன் தம்பி. காசு காசுன்னு காதுல வந்து கத்தினான். ஒரு தள்ளு. கல்லுல போய் விழுந்துட்டான். கொல்லணும்னு நெனைக்கல.”

மற்றதெல்லாம் தானாகவே வந்தது. எல்லோரும் போன பிறகு டெலிவரி வண்டியில் ஏற்றி, மீன் கடை சந்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.

“விழுந்தப்போ உயிர் இருந்ததா?”

“லேசா... முனகினான்.”

“நீங்க என்ன செஞ்சேள்?”

வீரபாண்டியன் நிமிர்ந்தார்.

“மணி பாத்தேன்,” என்றார். “பழக்கம்.”

நந்திதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு மனிதன் முனகிக்கொண்டு கிடக்கிறான், இன்னொரு மனிதன் அவனுடைய கூலியை எந்த நிமிடத்தோடு நிறுத்துவது என்று பார்க்கிறான். த்தூ என்று துப்பினால்கூட ஆறாது.

கௌசிக் ஜலஜாவைப் பார்த்தான்.

“தீதி, அவனுக்கு நாலு மணி நேரம்னு தெரியாமத்தான் எழுதினேளா?”

“தெரிஞ்சுதான் எழுதினேன். நூத்தியெண்பது ரூபா ஜாஸ்தியாப் போறதை அவரால பொறுத்துக்க முடியாது. பதினொரு வருஷமாப் பார்த்திண்டிருக்கேனே.” அவள் தன் மேசை டிராயரிலிருந்து ஒரு கட்டு சீட்டுகளை எடுத்து வைத்தாள். “மூணு வருஷத்து டிபன் காசுச் சீட்டு. எந்த நாள் யார் யார் அஞ்சு மணிக்கு மேல இருந்தான்னு இதுல இருக்கு. ரெஜிஸ்டர்ல பொய் எழுதினது நான்தான். அதையும் கேஸ்ல எழுதிக்கோ.”

“எழுதித்தான் ஆகணும், தீதி,” என்றான் கௌசிக் மெதுவாக.

ராமாயி உள்ளே வந்தாள். மேசை மேலிருந்த தாளைக் காட்டி, தன் புருஷன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். ஜலஜா விரலை வைத்துக் காட்டினாள். சாகும்போது அவன் வேலையில் இருந்தான், முதலாளியே கையெழுத்துப் போட்டிருக்கிறார், இழப்பீட்டை இனி யாரும் மறுக்க முடியாது என்று சொன்னாள்.

ராமாயி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பத்து நிமிஷம் கழின்னாரே. அது எவ்ளோ?”

“இருபது ரூபா.”

“அதையும் அவரு ஒழைச்சாரு இல்ல? நீ ஏன்மா கழிச்ச?”

அவர் சொன்னார், அதனால் கழித்தேன் என்று சொல்லியிருக்கலாம். பதினொரு வருடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது மேசை மேலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ராமாயி அவளைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

வெளியே ஜீப் உறுமியது. விலங்கோடு ஏறிய வீரபாண்டியன், எத்தனை வருஷம் உள்ளே போடுவார்கள் என்று கான்ஸ்டபிளை அரித்துக்கொண்டிருந்தார்.

உத்தமன் ஜீப் அருகில் போய்க் குனிந்தான்.

“வருஷத்தை விடுங்க மொதலாளி. ஜெயில்ல தினம் எட்டு மணி நேர வேலைதானாம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேலை வாங்கினாலும் தகவல் சொல்லி அனுப்புங்க... ரெட்டைக் கூலி வாங்கித் தந்துடறோம்!”